பத்திரிகையின் கடைசி வரி

கல்யாணப் பத்திரிகையில் எல்லோரும் எல்லா வரியையும் பார்ப்பார்கள், கடைசி வரியை மட்டும் பார்க்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷமாகக் காஞ்சிபுரத்தில் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறவள் சொல்கிறேன். பெரியப்பா பேர் சித்தப்பா பேருக்கு மேலே வந்திருக்கிறதா, மாப்பிள்ளையின் படிப்பு சரியாக வந்திருக்கிறதா, செத்துப்போன தாத்தாவுக்கு 'தெய்வத்திரு' போட்டாயிற்றா என்று புரூப்பை வைத்துக்கொண்டு குடும்பமே சண்டை போடும். ஓர் அத்தையின் பேர் விட்டுப்போனதற்கு ஒருமுறை மொத்தப் பத்திரிகையையும் திரும்ப அடித்தோம். ஆனால் எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், மண்டபத்துக்கு எந்த பஸ்ஸில் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று ஒரு வரி இருக்குமே, அதை யாரும் படித்துப் பார்த்ததில்லை. அதை நீங்களே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

அதனால் அந்த வரி என்னுடையது. அது யாருக்கு என்றும் எனக்குத் தெரியும். காரில் வருகிறவருக்கு அது தேவையில்லை. உள்ளூர்க்காரருக்கும் தேவையில்லை. வெளியூரிலிருந்து தனியாக, கையில் ஒரு பையோடு, விடியற்காலையில் நம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி, அடுத்து எதில் ஏறுவது என்று முழிக்கிற ஒருத்தருக்காக உள்ள வரி அது. அந்த ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவருக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று ஒரு பயம் எப்போதும் இருக்கும்.

அந்தப் பயத்தினால்தான் மாசத்துக்கு ஒருமுறை பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். கடையிலிருந்து நாலு நிமிஷம். டவுன் பஸ் நிற்கிற பக்கத்தில் டைம் கீப்பருக்கு ஒரு சின்ன அறை இருந்தது. கம்பி ஜன்னல் வழியாக நோட்டை நீட்டி, இந்த மண்டபத்துக்கு எது போகிறது, அந்தக் கோயிலுக்கு எது போகிறது என்று கேட்பேன். அவர் சலித்துக்கொள்வார், போன மாசம்தானே சொன்னேன் என்பார், ஆனாலும் சொல்வார். எது நின்றுபோயிற்று, எதைப் புதிதாக விட்டிருக்கிறார்கள், எது பேருக்கு மட்டும் ஓடுகிறது என்று அத்தனையும் அவர் வாயில் இருந்தது. அவர் ரிட்டயர் ஆனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஜன்னலைப் பூட்டினார்கள். ஜன்னலுக்கு மேலே 'விசாரணை' என்று எழுதியிருந்தது மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் ஊரில் திடீரென்று பஸ் ஸ்டாப்புகளுக்கு அழகு வந்தது. பளபளவென்று ஸ்டீல் பெஞ்சு, மேலே வளைந்த கூரை, கூரையில் யார் யார் திறந்து வைத்தார்கள் என்று கொட்டை எழுத்தில் பேர்கள். ஒன்றிரண்டு இடத்தில் சிவப்பு எழுத்து ஓடுகிற மின்சாரப் பலகைகூட வைத்தார்கள். அதில் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஓடும். கவனமாக நிற்போம். அது முடிந்ததும் மறுபடியும் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஓடும். அவ்வளவுதான். கவனத்துக்குக் கொண்டுவர அவர்களிடம் ஒன்றுமே இல்லை. மழைக்கு ஒதுங்கி நின்று ஒரு நாள் அதைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். பலகையை அவர் வைக்கவில்லை, பாவம், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூடவே ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு பெரிய வினைல் போர்டு ஒட்டினார்கள். எந்த நம்பர், எங்கே போகும், வழியில் எங்கெல்லாம் நிற்கும் என்று வரிசையாக. கெட்டியான வினைல், மேலே லாமினேஷன், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. தொழில்காரி என்பதால் கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. கடைசியில் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து ஒழுங்காக எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். அன்றோடு என் நோட்டை மூடி வைத்தேன். அதை மூடியது நான்தான், எந்த ஆபீஸ் தலையிலும் அதைக் கட்ட முடியாது.

என் கடையில் பதினெட்டு வருஷமாகப் பத்திரிகை மடிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். ஏனாத்தூரிலிருந்து வருகிறாள். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள், என்னை அக்கா என்பாள். மடிப்பது, உறையில் போடுவது, மூலையில் மஞ்சள் தடவுவது எல்லாம் அவள் வேலை. அவள் கணவர் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். ஒரே பெண் குழந்தை. கூடப் பிறந்தவர் ஒரே தம்பி. தாமலைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில், பால் சொசைட்டியில் பால் அளக்கிறவர்.

அந்தத் தம்பியோடு அவள் பதினோரு வருஷமாகப் பேசவில்லை. கணவரை எடுத்த பிறகுதான் தம்பி வந்து சேர்ந்தார். தகவல் காலையிலேயே போயிருந்தது. கூடப் பிறந்தவன் வந்துவிடுவான் என்று உடம்பை வாசலில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார்களாம். அப்புறம் கணவர் வீட்டு ஆட்கள் பொறுக்காமல் தூக்கிவிட்டார்கள். தம்பி வந்து, பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னாராம். "பஸ்ஸாம்" என்று அவள் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நானும் அவள் பக்கம்தான். பஸ் ஒரு காரணமா என்று நானே சொல்லியிருக்கிறேன்.

போன வைகாசியில் அவள் பெண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டி, மாலை போட்டு மணையில் உட்கார வைத்தால்தான் பெண் பெண்ணாக உட்காருவாள், அவர்கள் பக்கம் அப்படித்தான். அதனால் இவள் வைராக்கியத்தை விட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு தம்பி வீட்டுக்குத் தட்டு எடுத்துப் போனாள். தம்பி எழுந்து நின்று தட்டை வாங்கிக்கொண்டாராம். பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தாராம். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் வருவாரா என்பது ஒன்றுதான் அந்த மாசம் முழுக்க அவளுக்கு இருந்த கேள்வி. மடித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "வருவான் இல்லக்கா?" என்பாள். வருவார் என்று நானும் சொல்வேன்.

அந்தப் பத்திரிகையை நானே உட்கார்ந்து கம்போஸ் செய்தேன். என் வீட்டுக் கல்யாணம் போல நல்ல அட்டை, நல்ல மை. மண்டபம் சின்னக் காஞ்சிபுரம் பக்கம். கடைசி வரிக்கு வந்ததும் போனில் இருந்த போட்டோவைத் திறந்தேன். 'பேருந்து நிலையத்திலிருந்து தடம் எண் 14' என்று எழுதி, மண்டபத்து ஸ்டாப் பேரையும் போர்டில் இருந்தபடி எழுத்துக்கு எழுத்து போட்டேன். வெளியே போய் ஒரு டீக்கடையில் கேட்டிருக்கலாம். ஒரு கண்டக்டரைக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்றால், அது அச்சில் இருந்தது. இருபத்தாறு வருஷம் அச்சுத் தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இது. வாயால் சொன்னால் பத்து முறை சரிபார்ப்போம். அச்சடித்திருந்தால் யாரோ ஏற்கனவே சரிபார்த்துவிட்டார்கள் என்று நம்பிவிடுவோம்.

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள். ஐந்தரைக்கே நான் மண்டபத்தில் இருந்தேன், ஸ்கூட்டியில் போனேன். ஆறு மணிக்கு அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். ஆறரைக்கு வந்து பார்த்தாள். தம்பி மனைவிக்குப் போன் செய்தபோது, அவர் நாலு மணிக்கே கிளம்பிவிட்டார், பால் வண்டிக்காரர் கூப்பிடுவார் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. நாலு மணிக்குக் கிளம்பினால் ஐந்தேகாலுக்கு பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து மண்டபம் கால் மணி நேரம்கூட இல்லை. கணக்குப் போடப் போட அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கிளம்பினவன் எங்கே போனான் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். வேண்டுமென்றே செய்கிறான் என்றார்கள். ஏழு மணிக்கு ஐயர் இனிமேல் தாமதிக்க முடியாது என்றார். ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைப் பிடித்து நிறுத்தி, பட்டத்தைக் கட்டச் சொல்லி, தாலி கட்டி முடித்தார்கள். பெண் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரர் வேறு சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு அவர் வந்தார்.

ஈரத்துணியில் சுற்றிய மாலை ஒரு கையில், துணிக்கடைப் பை ஒரு கையில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேடையில் மணை காலியாக இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இறந்துபோன கணவரின் அண்ணன் பந்தியில் இருந்தபடியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வந்துட்டாருய்யா. சாவுக்கும் லேட்டு, கல்யாணத்துக்கும் லேட்டு."

 தம்பி நேராக அக்காவின் முன்னால் போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பிரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார். "இதுல போட்டிருக்கிற பஸ்சுக்குத்தான்கா நின்னுக்கினு இருந்தேன். வரவே இல்ல" என்றார்.

"அன்னிக்கும் பஸ்ஸு, இன்னிக்கும் பஸ்ஸா?" என்றாள் அவள்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. அவர் விரலுக்கு அடியில் இருந்தது என் வரி. அது நான் போட்டது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. போர்டு தப்பாக இருக்காது, இவர்தான் பொய் சொல்கிறார் என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. அந்த நொடிக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம். ஒரு மனிதரின் வியர்த்த முகத்தைவிட லாமினேஷன் போட்ட வினைல் எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

அவர் மாலையையும் பையையும் மணைக்குப் பக்கத்தில் வைத்தார். பெண்ணின் தலையில் கையை வைத்தார். கை நனைக்காமல் வெளியே போனார். கல்யாண வீட்டில் தாய்மாமன் சாப்பிடாமல் போவது என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கிண்ணத்தை வைத்துவிட்டு நான் பின்னாலேயே ஓடினேன். மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். என்னை யாரென்று சொன்னேன். பத்திரிகை அடித்தது நான், அந்த வரியை எழுதியது நான், போர்டைப் பார்த்து எழுதினேன் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் நடந்ததை மட்டும் சொன்னார்.

ஐந்தேகாலுக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருக்கிறார். டவுன் பஸ் பக்கம் போய் போர்டைப் பார்த்திருக்கிறார். போர்டிலும் பதினாலு, பத்திரிகையிலும் பதினாலு. அப்புறம் யாரை எதற்குக் கேட்க வேண்டும்? பதினாலுக்காக நின்றார். மண்டபம் இருக்கிற சாலையிலேயே போகிற மூன்று பஸ்கள் அவருக்கு முன்னால் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயின. மூன்றிலும் வேறு நம்பர். நெற்றியில் எழுதியிருந்தது கடைசி ஊர்ப் பேர், நடுவில் இருக்கிற மண்டபம் அதில் இருக்காது. இரண்டரை மணி நேரம் கழித்து, பூ விற்கிற அம்மா ஒருத்தி அவரைக் கூப்பிட்டு எங்கே போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பதினாலு என்றதும் அவள் சிரித்துவிட்டாளாம். பதினாலை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது என்று அவள்தான் சொல்லி, வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

பால் அளக்கிற மனிதர். அளவுகோலில் என்ன இருக்கிறதோ அதை எழுதுகிறவர், எழுதியதை நம்புகிறவர். அப்படி இருந்ததுதான் அவர் செய்த தப்பு.

"இங்கேருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எந்த பஸ்ஸும்மா?" என்று கேட்டார்.

எங்கள் தலைக்கு மேலே அதே வினைல் போர்டு. அதே பட்டியல், அதே பதினாலு. எத்தனையோ கல்யாணங்களுக்கு வழி எழுதியவள் நான். எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக நான் ஸ்கூட்டிக்காரி. டவுன் பஸ்ஸில் ஏறி எத்தனை காலம் ஆயிற்று என்றே நினைவில்லை. அந்த போர்டைத் தயாரித்தவரும் என்னைப் போல ஏதாவது வண்டியில் போகிறவராகத்தான் இருந்திருப்பார். தெரியவில்லை, கேட்டுத்தான் ஏற வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அதைச் சொன்னபோது கூசியது போல வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் கூசியதில்லை. ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, கண்டக்டர் கத்திக்கொண்டு வந்த ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நாலாம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். மடிப்புக்குக் கட்டு வந்திருந்தது. அவள் உட்கார்ந்ததும் நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு, போட்டோ, நின்றுபோன பதினாலு, கண் முன்னால் போன மூன்று பஸ், பூக்காரம்மா, மண்டபத்தில் நான் வாயைத் திறக்காமல் நின்றது. அவள் கை மடித்துக்கொண்டே இருந்தது. மூன்று பஸ் என்ற இடத்தில் கை நின்றது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அன்னிக்கும் பஸ்ஸுதானாக்கா?"

 பதினோரு வருஷம். ஒருவேளை அன்றைக்கும் ஒரு ஸ்டாப்பில் நின்றிருப்பார். ஸ்டாப் என்று எழுதின இடத்தில் நின்றிருப்பார், பஸ் அதைத் தாண்டி வேறெங்கோ நிறுத்தியிருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் பஸ் வரவில்லை என்று சொல்கிறவரை இந்த ஊரில் யார் நம்புகிறார்கள்? அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்கிற சாக்கு என்று நினைத்துவிடுகிறோம். அவள் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரத்தில் போகாது. போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் மற்ற ஆபீஸ் சந்தோஷப்படும். முதல் ஆபீஸில், ஷெல்டர்தான் எங்களுடையது, போர்டு எங்களுடையது இல்லை என்றார்கள். இரண்டாவது ஆபீஸில், பஸ்தான் எங்களுடையது, போர்டு எங்களைக் கேட்டு ஒட்டவில்லை என்றார்கள். அங்கே இருந்த அதிகாரி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், மோர் வரவழைத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் புன்னகையோடு சொன்னார்.

"நம்ம ஊர் ஜனங்க கேட்டுக்கினு போயிடுவாங்கம்மா. போர்டையெல்லாம் யாரு பாக்கறாங்க?"

பார்த்தவர் ஒருத்தர் இருக்கிறார் என்றேன். ஒரு கல்யாணத்தையே தவறவிட்டார் என்றேன். அவருக்கு அது புரியவில்லை. மோரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவருக்கு அதுவும் புரிந்திருக்காது.

கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஊரே ஓடுகிறது. கோயிலுக்கு வந்த வடநாட்டுக் குடும்பம் கேட்டுக்கொண்டு போகும், காது கேட்காத கிழவர் கேட்டுக்கொண்டு போவார், ஆண்களிடம் பேசத் தயங்குகிற புதுப் பெண் கேட்டுக்கொண்டு போவாள். கேட்டால் சரியாகச் சொல்கிறோமா? முன்னாடி போய்க் கேளுங்கள் என்கிறோம். இது எழுதத் தெரியாத ஊரா? கோயில் சுவரில் இடம் விடாமல் எழுதி வைத்த ஊர். பக்கத்தில் கூரத்தில் ஒரு பல்லவ ராஜா நிலத்துக்கு எல்லை எது, வாய்க்கால் எங்கே போகிறது என்று செப்புத் தகட்டில் வெட்டிக் கொடுத்தான். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் படிக்க முடிகிறது. எந்தக் கோபுரம் எந்த நூற்றாண்டு என்று மூன்று பாஷையில் பலகை இருக்கிறது. காலை ஐந்தேகாலுக்கு ஒரு மனிதன் எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று ஒரு பாஷையில் உண்மையைச் சொல்ல ஆள் இல்லை.

கடைசியாக அந்த போர்டை அடித்தவரையும் போய்ப் பார்த்தேன். தொழிலில் தெரிந்தவர்தான். பழைய லிஸ்ட் ஒன்று பைலாக வந்ததாம், அத்தனை ஸ்டாப்புக்கும் ஒரே பைல். "குடுத்ததை அடிச்சேன்மா" என்றார். அவரைத் திட்டுவதற்காகத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் சொன்னது என் வாயிலிருந்தும் வர வேண்டிய வார்த்தை. திட்டாமல் திரும்பி வந்தேன்.

கடைக்கு வந்து மூடி வைத்திருந்த நோட்டை எடுத்தேன். இப்போது மாசத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு, ஊரில் இருக்கிற மண்டபங்களுக்கெல்லாம் பஸ்ஸிலேயே போய் இறங்கிப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படிக்கும் ஒருத்தரைத் திட்டிக்கொண்டுதான் ஏறுகிறேன்.

இந்தத் தை மாசம் கல்யாணமான அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு. அதே மண்டபத்தில் சின்ன ஹாலில். தாய்மாமன் வளையல் போட வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. இவளுக்கு வெட்கம், அவருக்கு என்னவென்று யாருக்கும் தெரியாது. பத்திரிகை கம்போஸ் செய்து முடித்துவிட்டு, கடைசி வரிக்கு என்ன போடட்டும் என்று அவளிடமே கேட்டேன்.  மற்றவர்களுக்கெல்லாம் உங்கள் நோட்டில் இருப்பதைப் போடுங்கள் என்றாள். தம்பிக்கு மட்டும் ஒன்று தனியாக வேண்டும் என்றாள். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாகப் பேனாவை வாங்கி, புரூப்பின் அடியில் அவளே எழுதினாள்.

'நீ எந்த பஸ்ஸிலும் ஏற வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலேயே நில். நான் வந்து கூட்டிப் போகிறேன்.'

ஒரே ஒரு பத்திரிகை அந்த வரியோடு அடித்தேன். இருபத்தாறு வருஷத்தில் நான் அடித்த கடைசி வரிகளிலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியது அது ஒன்றுதான். தட்டில் வைத்து அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். இந்த முறையும் விரல் வைத்துக் கடைசி வரை படித்தாராம், இந்த முறையும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

வளைகாப்பு அன்றைக்குக் காலை ஐந்து மணிக்கே அவள் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். பட்டுப்புடவை, குளிருக்குத் தோளில் துண்டு. நானும் போயிருந்தேன். டவுன் பஸ் பக்கத்தில், பூட்டிய விசாரணை ஜன்னலுக்குக் கீழே நின்றோம். தாமல் பக்கத்து முதல் பஸ் வந்தது, அதில் அவர் இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததும் வந்தது, அதிலும் இல்லை. வராவிட்டால் இனிமேல் அவ்வளவுதான் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் பிடித்த கை இறுகிக்கொண்டே வந்தது. மூன்றாவதில் கடைசி ஆளாக இறங்கினார். கையில் வளையல் பெட்டி. அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் தலைக்கு மேலே இருந்த போர்டைப் பார்த்தார்.

"இன்னாக்கா, பதினாலு வந்துச்சா?" என்றார்.

அவள் சிரிக்க ஆரம்பித்து அழுதாள். அழுதுகொண்டே அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் பதினோரு வருஷத்துக் கதையை அங்கேயே நின்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், பஸ்ஸுக்கு வழி விடுங்கள் என்று கண்டக்டர் கத்துகிற வரைக்கும்.

நான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து போர்டைப் பார்த்தேன். பதினாலு அப்படியே இருந்தது, பளிச்சென்று. நல்ல வினைல். அது வெளுப்பதற்கு இன்னும் பத்து வருஷம் ஆகும்.